பேய் பங்களாவும் செக்ரோலும்

(விதுராவில் வாசகர்களும் தோட்டத் தொழிலாளர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அக்காமாரும் அண்ணாச்சிமாரும் பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கிறீர்கள். நீங்கள் திரும்பிப் போக வேண்டிய பஸ்ஸை மனத்தில் வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'மலையூர் மியூசியங்கள்'. போனக்காட்டில் மியூசியம் கிடையாது. பின்னே இங்கே வந்து இதைப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். மியூசியம்தான் இல்லை, பார்க்க வருகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லையே. ஒரு கூட்டம் அகத்தியர்கூடம் ஏற வருகிறது. அனுமதிச் சீட்டும் முதுகில் மூட்டையுமாக வனத்துறைக் காவல் நிலையத்தில் வரிசையில் நின்று காட்டுக்குள் போய்விடுகிறது. இன்னொரு கூட்டம் 25 ஜி.பி. பங்களாவைத் தேடி வருகிறது. அவர்களுக்கு வேண்டியது பேய்.

அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரத் துரை ஒருவர் பங்களா கட்டினாராம். குடிபோன கொஞ்ச நாளில் அவருடைய மகள் இறந்துபோனாளாம். துரை சீமைக்குத் திரும்பிவிட, குழந்தை மட்டும் அங்கேயே சுற்றுகிறாளாம். இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. விறகு பொறுக்கப் போன ஒரு பெண், எழுத்து வாசனையே இல்லாதவள், திரும்பி வந்து மளமளவென்று இங்கிலீஷ் பேசினாளாம். சில நாளில் அவளும் செத்துப்போனாளாம். ராத்திரியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் பையன்கள் இந்தக் கதையைத்தான் விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சியை விடுங்கள். கதை யாரைப் பற்றியது என்று மட்டும் பாருங்கள். துரை வீட்டுக் குழந்தைக்கு ஒரு சாவு, ஒரு துக்கம், ஒரு பேய் எல்லாம் இருக்கிறது. விறகு பொறுக்கப் போன பெண் கதைக்குள் வருகிறாள், ஆனால் அவளுக்கென்று ஒரு சொல் கிடையாது. வாய் அவளுடையது, பேச்சு துரை வீட்டுடையது. இத்தனை வருஷம் மழையில் நனைந்து கொழுந்தெடுத்த பெண்களில் ஒருத்திக்குக்கூட இந்த மலையில் பேயாக உலாவும் யோகம் கிடைக்கவில்லை!

ஒரு ஊர் தன் கதையைத் தானே எடுத்து வைக்காவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறு யாராவது வந்து தங்கள் கதையை வைத்துவிட்டுப் போவார்கள். போனக்காட்டில் அதுதான் நடந்திருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதிலிருந்து ஒரு படி மேலே: தோட்டத் தொழிலாளிக்கு ஒரு மியூசியம் வேண்டும். ஆனால் அது 'எல்லாம் முடிந்துபோன' ஒரு காலத்தின் மியூசியமாக இருக்கக் கூடாது. ஏனென்றால் இங்கே கணக்கு இன்னும் முடியவில்லை.

திருவனந்தபுரம் மியூசியத்தின் பிறப்பே நம் மலையோடு ஒட்டியது என்பது பலருக்குத் தெரியாது. ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1852-இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். பூமியின் காந்தம் எப்படி மாறுகிறது என்று அளப்பது அவருடைய ஆயுட்கால வேலை. அதற்காக 1855-இல் அகத்தியர்கூடத்தின் உச்சியில் ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். 1,868 மீட்டர் உயரம். இன்றைக்கும் நடந்துதான் ஏற வேண்டும். அதே பிரௌன்தான் திருவனந்தபுரத்தில் மியூசியம் தொடங்க முன்கை எடுத்தவர், அதன் முதல் இயக்குநர். 1857-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று நாம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிற சிவப்புக் கட்டடம் ராபர்ட் சிஷம் வடிவமைத்தது; 1880-இல் முடிந்தது.

பிரௌன் அளந்த எண்கள் 1874-இல் புத்தகமாக அச்சேறின. எந்த மணிக்கு ஊசி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று வேண்டுமானால் இன்றும் எடுத்துப் பார்க்கலாம். வண்டிப்பாதையே இல்லாத மலையில் அந்தக் கருவிகளும் பலகைகளும் தாமாக ஏறியிருக்காது; தலைச்சுமையாகத்தான் போயிருக்கும். ஊசியின் சாய்வுக்குக் கணக்கு இருக்கிறது. சுமந்த கழுத்தின் சாய்வைத் தேடிப் புறப்படுகிறவருக்கு அத்தனை சுலபமாக விடை கிடைக்காது. மியூசியம், ஆய்வகம், தேயிலைக்காடு எல்லாம் இந்த மலைகளையொட்டி அடுத்தடுத்து வந்தவை. மூன்றிலும் எதை எழுதி வைப்பது, எதை விடுவது என்பதில் ஒரே பழக்கம்தான்.

இப்போது கொஞ்சம் வடக்கே, மூணாற்றுக்குப் போவோம். கேரளத்தில் மலையூர் மியூசியம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை மியூசியம். 2005-இல் திறந்தது. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் பழைய ரோலர் இருக்கிறது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சு இருக்கிறது, 1920-களில் கன்னிமலை எஸ்டேட்டில் மின்சாரம் எடுக்கச் சுழன்ற பெல்டன் சக்கரம் இருக்கிறது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய குட்டி ரயிலின் சக்கரமும் இருக்கிறது. 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் என்ஜின் ரயிலாக மாறி, 1924-இன் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போன ரயில் அது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் நம் பாட்டிமார் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் என்று சொல்வார்கள்.

அங்கே என்னை நிறுத்திவைத்த பொருள் ஒரு சூரியக் கடிகாரம். கருங்கல் பீடத்தின்மேல் கருங்கல் தட்டு. 1913-இல் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது. ஆமாம், நம் நாசரேத்துதான். அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா. தேரிக்காட்டு வெயிலுக்குப் பக்கத்தில் கல்லைச் செதுக்கி, பாதிநாள் மேகத்துக்குள் கிடக்கும் மலைக்கு ஏற்றியிருக்கிறார்கள். மேலே போனது கல் மட்டுமா? கல் போன அதே திசையில்தான் ஆட்களும் போனார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போன குடும்பங்கள் எத்தனையோ. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் அந்தக் கடிகாரம் சும்மா கிடக்கும். ஃபேக்டரிச் சங்கு சும்மா கிடக்காது. மழையோ பனியோ, பெரட்டு என்ற காலைப் பேர்ப்பதிவுக்குப் போக வேண்டிய நேரத்தைச் சங்குதான் சொல்லும். துரையின் தோட்டத்துக்கு அழகாக நின்ற கடிகாரம் மியூசியத்தில் இருக்கிறது. தொழிலாளியின் நாளைக் கூறுபோட்ட சங்கின் கதையை யார் சொல்வது?

நான் குறை சொல்ல வரவில்லை. இரும்பைப் பழைய விலைக்குப் போடாமல் துடைத்து வைத்தார்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். கம்பெனி அமைத்த மியூசியம் கம்பெனியின் கதையைச் சொல்லும், அது இயல்பு. ஆனால் மூணாற்றின் கதையில் 2015 செப்டம்பர் இருக்கிறது. போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10-ஆகக் குறைந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் பெண்களே திரண்டு ரோட்டில் உட்கார்ந்த 'பெம்பிளை ஒருமை'. நாள் கூலி 232 ரூபாயாக இருந்ததை 301 ஆக்கிய கிளர்ச்சிக்குத் தொடக்கம் அது. கதையில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரியும் இருக்கிறது. பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தார்கள். பெல்டன் சக்கரத்தின் பக்கத்தில் இவற்றுக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று நினைப்பது பேராசை இல்லை. ஆனால் அந்தச் சுவரைக் கம்பெனி கட்டித் தரும் என்று காத்திருப்பது பேதைமை.

அப்படியானால் யார் கட்டுவது? இதற்குத்தான் உங்களைக் கொஞ்சம் தூரம், பல்கேரியாவுக்குக் கூட்டிப்போகிறேன். அந்த நாட்டில் கோப்ரிவ்ஷ்டிட்சா என்று ஒரு மலையூர். சுமார் ஆயிரம் மீட்டர் உயரம், இரண்டாயிரம் பேர் சொச்சம் ஜனத்தொகை. நம் விதுரா பஞ்சாயத்தில் ஒரு மூலை அளவுகூட வராது. உதுமானிய துருக்கியரின் ஆட்சியை எதிர்த்து 1876 ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சியின் முதல் வெடி அந்த ஊரில்தான் வெடித்தது. இன்றைக்கு அந்தச் சின்ன ஊரில் ஆறு வீடுகள் மியூசியமாக இருக்கின்றன. புதிதாகப் பெரிய கட்டடம் எழுப்பவில்லை. கிளர்ச்சிக்காரர் பிறந்த வீடு, கவிஞர் வளர்ந்த வீடு, வியாபாரி கட்டிய வீடு என்று இருக்கிற வீடுகளையே கதவு திறந்து காட்டுகிறார்கள்.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு பழக்கம் இருக்கிறது. பல்கேரிய ஊர்களில் 'சிதாலிஷ்டே' என்ற வாசகசாலை உண்டு. முதல் சில வாசகசாலைகள் 1856-இல் தொடங்கின. புத்தகம் படிக்க, நாடகம் போட, பாட்டுக் கற்றுக்கொள்ள ஊரார் தாங்களே நடத்திய இடம். பழம்பொருள் சேர்க்கும் வேலையும் பல ஊர்களில் அங்கிருந்துதான் கிளம்பியது. பண்பாட்டைக் காப்பதற்கு நல்ல முன்மாதிரி என்று 2017-இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. இதைக் கேட்டதும் கேரளத்துக்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். 1945-இல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் தொடங்கி வைத்த கிரந்தசாலை இயக்கம். அவர் காலத்தில் ஊருக்கு ஊர் வாயனசாலை வந்தது. நம்மிடம் அந்த ஏற்பாடு இருக்கிறது. பல்கேரியர்கள் வாசகசாலையிலிருந்து மியூசியத்துக்குப் போனார்கள்; நாம் வாசகசாலையோடு நின்றுவிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

காப்ரோவோ நகருக்குப் பக்கத்தில் எத்தர் என்று இன்னொரு இடம். 1964-இல் திறந்த திறந்தவெளி மியூசியம். லாசர் டோன்கோவ் என்பவர் முன்னின்று உருவாக்கியது. அங்கே ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் கம்பளிப் பின்னல் போடும் பொறியைச் சுற்ற, பக்கத்திலேயே தொழில் தெரிந்தவர் நின்று வேலை செய்கிறார். இரும்பை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால் அது இரும்பு. அதை ஓட்டத் தெரிந்த கையும் கூட இருந்தால்தான் அது தொழில்.

பல்கேரியாவிலிருந்து ஒரு பயமுறுத்தலையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 1989-இல் அந்த நாட்டின் ஜனத்தொகை ஏறத்தாழ 90 லட்சம். 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம்தான். இளையவர்கள் பிழைக்க வெளியே போய்விட்டார்கள். எத்தனையோ மலைக்கிராமங்கள் பூட்டிக் கிடக்கின்றன. பொருளைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் இது யாருடையது, எதற்கு உதவியது, யார் இதைத் தூக்கியெறிந்து அழுதார் என்று சொல்ல ஆள் வேண்டும். போனக்காட்டில் அந்த ஆட்கள் இன்று இருக்கிறார்கள். இந்த அவையில் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

தேயிலைத் தொழிலாளிக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில், ஓல்ட் பீக்காக் தோட்டத்தில். கண்டியில் இயங்கும் ஒரு சமூக நிறுவனம் 2007-இல் தொடங்கியது. அதை வைத்த இடம்தான் முக்கியம்: பழைய லயம் ஒன்று. தொழிலாளர் குடும்பங்கள் அடைந்து கிடந்த அதே வரிசை அறைகளில் அவர்கள் புழங்கிய பாத்திரங்கள், வேலைக் கருவிகள், தொழிற்சங்க முன்னோடிகளின் படங்கள், பழைய தாள்கள். கோ. நடேசய்யரும் அவருடைய மனைவி மீனாட்சியம்மையும் மலையகத்தில் சங்கம் வளர்த்த வரலாற்றை அங்கே வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். கண்டியிலேயே ஹந்தானையில் தேயிலை மியூசியம் ஒன்று 2001 முதல் இருக்கிறது; பழைய ஃபேக்டரிக் கட்டடத்தில் இயந்திரங்களை அழகாக வைத்திருக்கிறார்கள். ஃபேக்டரியில் ஒரு மியூசியம், லயத்தில் ஒரு மியூசியம். இரண்டையும் பார்த்தால்தான் ஒரு கோப்பைத் தேநீரின் கதை முழுசாகும்.

இலங்கை மலையகத்தார் ஏன் தாள்களை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்கு போட்டார்கள். எந்தத் தோட்டத்தில், எந்த வருஷம் பேர் பதிந்தது என்பதற்கு ஒரு துண்டுத் தாள் இருந்தால்தான் மனிதர் ஏதோ ஒரு நாட்டுக்காரர். அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நமக்கு வடக்கே குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆக, இது கடல் தாண்டிய கதையில்லை. பக்கத்து மலைக் கதை.

அகத்தியமலையின் அந்தப் பக்கம் இறங்கினால் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருஷக் குத்தகைக்குப் போன 8,373 ஏக்கர். குத்தகை 2028-இல் முடிய வேண்டியது. 2024 ஜூனிலேயே தொழிலாளர்களுக்கு வேலை முடிந்துவிட்டது. 1999 ஜூலை 23-ஆம் தேதி, மாஞ்சோலைக்காரர்களின் கூலிக் கோரிக்கைக்காக நடந்த ஊர்வலம் திருநெல்வேலியில் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்க, 17 பேர் செத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வேலையும் போய் ஊரையும் விடச் சொல்கிறார்கள். இந்தப் பக்கம் வேலை போய்ப் பல காலம் ஆகிறது. ஊரை விட முடியாமல் இருக்கிறார்கள். ஏன் விட முடியவில்லை? இங்கேதான் போனக்காட்டின் விசேஷம் இருக்கிறது.

வெளியிலிருந்து வருகிற ஒருவர் பாழடைந்த ஃபேக்டரியைப் பார்க்கிறார். துருப்பிடித்த இயந்திரம், உடைந்த கண்ணாடி, மரமாக வளர்ந்துவிட்ட தேயிலைச் செடி. 'அடடா, எவ்வளவு அழகான சிதைவு' என்று போட்டோ எடுக்கிறார். கவ்வாத்து வெட்டினால் இடுப்பளவுக்கு நிற்க வேண்டிய செடி ஆளுயரம் தாண்டி நிற்பது அவருக்குப் பசுமை. கொழுந்தெடுத்தவருக்கு அது எத்தனை வருஷமாகக் கூலி இல்லை என்பதற்குச் செடியே போட்டுக்கொண்ட அளவுகோல். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நொடித்துக்கொண்டே வந்த தோட்டம் இது. கூலிப் பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி என்று வாசலில் கடன் நிற்கிறது. ஒழுகுகிற லயத்தில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். லயம் வேலையோடு வந்த வீடு. பாக்கியை வாங்காமல் அதையும் விட்டு இறங்கினால் கையில் என்ன மிஞ்சும் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

இந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஓர் அக்கா என்னிடம் ஒரு தாளைக் காட்டினார்கள். பேர் சொல்ல வேண்டாம் என்றார்கள், சொல்லவில்லை. பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டோடு மடித்து வைத்த சம்பளச் சீட்டு. நாலாக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து தேய்ந்துவிட்டது. மேலே அவர்களுடைய நம்பர். பிறகு வேலைநாள். பிறகு எடுத்த கிலோ, நிர்ணயித்த கிலோவுக்கு மேல் எடுத்ததற்கு உண்டான காசு. அதற்குக் கீழே பிடித்தம்: பி.எஃப்., சங்கச் சந்தா, முன்பணம். கடைசியில் கைக்கு வந்தது. ஓரத்தில் பென்சிலால் அவர்களே ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். "இது எதுக்குக்கா?" என்று கேட்டேன். "அவங்க கணக்கு சரியான்னு பார்க்கத்தான்" என்றார்கள்.

நண்பர்களே, அந்தப் பென்சில் கணக்குதான் போனக்காடு மியூசியத்தின் முதல் பொருள். செக்ரோல் என்ற கம்பெனியின் ஆள்பதிவேடு ஆளை நம்பராக எழுதியது. அந்த நம்பர் பதிலுக்குத் தன் கையால் கம்பெனியைக் கணக்குப் பார்த்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, வேணாட்டு அரசர்கள் இன்னின்னார் என்று வரிசைப்படுத்தி 1894-இல் நூலாக்கினார். அரசர்கள் இருந்ததற்குக் கல்வெட்டு சாட்சி. லயத்தார் இருந்ததற்கும் உழைத்ததற்கும் செக்ரோலும் சம்பளச் சீட்டும் சாட்சி. ஒரு வித்தியாசம் உண்டு. கல்வெட்டை வைத்து எந்த அரசரும் இன்று நிலுவை கேட்க மாட்டார். சம்பளச் சீட்டை வைத்துக் கேட்கலாம், கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டுக் கிராஜுவிட்டிச் சட்டம் சொன்ன கணக்கு, ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் கூலி. 30 வருஷம் கொழுந்தெடுத்தவருக்கு 450 நாள் கூலி. முப்பது வருஷம் என்று நிரூபிப்பது எதை வைத்து? நாலாக மடித்த அந்தத் தாளை வைத்துத்தான்.

அதனால்தான், இங்கே மியூசியம் வைக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது: தயவுசெய்து அசலை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். படம் எடுங்கள், நகல் எடுங்கள், அசலை அந்த அக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். மியூசியக்காரருக்கு அது பழம்பொருள். அவர்களுக்கு அது வழக்கு.

'வயிற்றுப்பாட்டுக்கே வழியைக் காணோம், உனக்கு மியூசியம் ஒரு கேடா?' என்று யாராவது கேட்டால் அதில் தப்பில்லை. ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றுவதுதான் முதல் வேலை. ஆனால் சுற்றுலா என்பது நாம் கூப்பிட்டு வருகிற விருந்தாளி இல்லை. மலை ஏறவும் பேய் பார்க்கவும் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. நாளைக்கு யாரோ ஒருவர் பங்களாவைப் புதுப்பித்து அறை வாடகைக்கு விடலாம், ஃபேக்டரியைக் காட்சிக்கூடமாக்கலாம். அன்றைக்குச் சுவரில் என்ன எழுதுவார்கள்? 'வெள்ளைக்காரர் காலத்துப் பெருமைமிகு தோட்டம்' என்று எழுதுவார்கள். பாரம்பரியம் என்ற பெயர் விழுந்துவிட்டால் பாக்கி என்ற பேச்சு எழாது. நிலுவையில் கிடக்கும் கூலி, பார்க்க அழகான சோகமாக மாறிவிடும். அதற்கு முன்னால் நாம் எழுதிவிட வேண்டும்.

வருமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதற்கும் இந்த மலையிலேயே பாடம் இருக்கிறது. 1987-இல் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகளுக்கு, களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு காயைத் தின்னக் கொடுத்தவர்கள் வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டுத் தாவரவியல் ஆய்வுநிலையம் அதை வைத்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. அதற்காக 1997-இல் ஒரு டிரஸ்டும் பதிவானது. பிற்பாடு அதில் ஆயிரம் சிக்கல் வந்தது, அது வேறு கதை. ஆனால் 'எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னால் எங்களுக்கும் பங்கு உண்டு' என்ற நியாயம் இந்த மலையில் ஒரு தடவை தாளில் ஏறிவிட்டது. லயத்தாரின் நினைவுக்கும் அதே நியாயம்தான். கதை சொல்கிறவரும் வழி காட்டுகிறவரும் டிக்கெட் கிழிக்கிறவரும் லயத்திலிருந்தே வரட்டும்.

பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஒரு லயத்தில் காலியாகக் கிடக்கும் ஓர் அறை போதும். கோப்ரிவ்ஷ்டிட்சாக்காரர்கள் வீட்டையே மியூசியமாக்கினார்கள், கம்பளைக்காரர்கள் லயத்தையே மியூசியமாக்கினார்கள். அந்த அறையில் முதலில் பெயர்கள்: எந்த டிவிஷனில், எந்த லயத்தில், எந்த ஊரிலிருந்து வந்த எந்தக் குடும்பம் இருந்தது என்று சுவர் நிறைய எழுதுங்கள். அடுத்தது குரல்கள்: வயதானவர்களிடம் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்யப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போதும். தாலாட்டு, ஒப்பாரி, மேஸ்திரியைத் திட்டிய கேலிப்பாட்டு, பெரட்டில் பேர் கூப்பிட்ட தினுசு, எல்லாம் வேண்டும். சரிபார்க்கவும் எழுதவும் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டத்துத் தமிழ்த்துறை மாணவர்கள் கை கொடுக்கலாம். மலை ஏறி வரட்டும், காலுக்கு நல்லது. மூன்றாவது பொருள்கள்: கூடை, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிய படங்கு, மழைக்குப் போர்த்திய கம்பளி, கவ்வாத்துக் கத்தி. யாரிடம் இருக்கிறதோ அவர் வீட்டிலேயே இருக்கட்டும். திருவிழா அன்று கொண்டுவந்து வைத்து, சாயங்காலம் எடுத்துப் போகட்டும். பேய் பங்களாக் கதைக்கும் ஒரு மூலை கொடுங்கள். விறகுக்குப் போன பெண்ணை அதில் இங்கிலீஷ் பேச வைக்காமல், என்ன பேசியிருப்பாள் என்று லயத்துப் பெண்களையே சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக, வாசலில் ஒரு பலகை வையுங்கள். அதில் தோட்டம் எப்போது தொடங்கியது, துரை யார் என்பதெல்லாம் வேண்டாம். இத்தனை பேருக்கு இத்தனை வருஷத்துக் கூலியும் கிராஜுவிட்டியும் பாக்கி என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதுங்கள். ஒவ்வொரு வருஷமும் பொங்கலன்று எண்ணைத் திருத்துங்கள். மந்திரி வந்தாலும் அதிகாரி வந்தாலும், முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பாக்கி முழுசாகத் தீர்ந்த அன்றைக்கு அந்தப் பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். அதுவரை அது காட்சிப்பொருள் இல்லை, கேட்பு நோட்டீஸ்.